உரல் பாறைக்குப் போகும் வழி

ஜெபாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் காலைத்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் அவள் திருக்கழுக்குன்றத்தில் பத்திரம் டைப் அடிப்பவள் என்பதும், ஆட்டோக்கார ஸ்டான்லியின் அக்கா என்பதும் வரும். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிற்று. இப்போது நாற்பத்திரண்டு வயது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த கேலிப்பர், கையில் ஓர் ஊன்றுகோல். தன் காதுபட யாராவது ‘பாவம்’ என்று சொல்லிவிட்டால், நின்று திரும்பி, “இன்னாத்துக்குப் பாவம்?” என்று கேட்பாள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று அவளுக்கு ஊரில் பெயர்.

அப்பா சாலமோன் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அணுமின் நிலையத்தாருக்காக அணுபுரம் குடியிருப்பு வந்த பிறகு அங்கே ஒப்பந்தத்தில் தோட்ட வேலைக்குப் போனார். போகிற வழியில் மகளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளியில் இறக்கிவிடுவார். மழை என்றாலும் இறக்கிவிடுவார். அப்படித்தான் அவள் பன்னிரண்டாவது முடித்தாள், தட்டச்சில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் பாஸ் செய்தாள். இருபத்திரண்டு வயதில் பத்திர எழுத்தர் தாமோதரனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வருஷமாக அதே மேஜை.

அவர்கள் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் கிழக்கே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் உரல் பாறை என்று ஓர் இடம். கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் கருங்கல் திட்டு. அதன் முதுகெல்லாம் யாரோ உரல் செதுக்கினாற்போல வட்டவட்டமான குழிகள். சில குழிகளில் கைதான் நுழையும். சிலவற்றில் ஓர் ஆளே இறங்கி உட்காரலாம். ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதைத் தண்ணீர் மூடியிருக்கும். மாசி, பங்குனியில், பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ, மதியம் இரண்டு மூன்று மணிவாக்கில் கடல் நன்றாக வற்றும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் திட்டு முழுசாக வெளியே தெரியும். ஊர்ப் பெண்கள் அன்றைக்குக் கூடையும் இரும்புக் கம்பியுமாகப் போய்ப் பாறை இடுக்கில் மட்டிச் சிப்பி பெயர்த்து வருவார்கள்.

ஜெபா ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே அழைத்துப்போனார்கள். டீச்சர் அவளைச் சவுக்குத் தோப்பு நிழலில் உட்காரவைத்து, நாற்பது ஜோடிச் செருப்பையும் சாப்பாட்டுக் கூடைகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அங்கிருந்து ஜெபாவுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளின் முதுகு. அவர்கள் குனிந்து குனிந்து எதையோ பார்ப்பதும் கத்துவதும் தெரிந்தது. எதைப் பார்க்கிறார்கள் என்பது தெரியவில்லை. அவள் அழவில்லை. பிள்ளைகள் திரும்பி வந்தபோது நாற்பது ஜோடியும் ஜோடி மாறிக் கிடந்தன.

அதற்குப் பிறகு எத்தனையோ பங்குனி வந்து போயிற்று. கூட்டிக்கொண்டு போ என்று அவள் கேட்காத ஆள் இல்லை. அம்மா, அத்தை மகன், பிறகு தம்பி. எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: வழுக்கும். ஸ்டான்லிக்குக் கல்யாணமாகி, அவன் பெண்டாட்டி கவியா மட்டி எடுத்துவந்து கொட்டும்போதெல்லாம் ஜெபா பக்கத்தில் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டே பாறையைப் பற்றிக் கேட்பாள். கவியா சலிக்காமல் சொல்வாள். ஆனால் கேட்டுக் கேட்டு நிறைந்த பாடில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரிசார்ட் எழும்பியது. ரோட்டிலிருந்து நேராகக் கடலுக்கு இறங்கிய மண்பாதையின் தலையில் பெரிய இரும்பு கேட் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பெண்கள் முனகினார்கள், பிறகு வடக்கே குப்பம் வழியாகச் சுற்றி, மணலில் இரண்டு கிலோமீட்டர் நடக்கப் பழகிக்கொண்டார்கள். ஜெபாவால் அவ்வளவு தூரம் மணலில் நடக்க முடியாது. பாதை இருந்தவரைக்கும் என்றைக்காவது ஒருநாள் போகலாம் என்றாவது இருந்தது. கேட் வந்த பிறகு அதுவும் போயிற்று.

போன தை மாதம், ஒரு புதன்கிழமை காலையில், தாமோதரன் ஒரு கிரயப் பத்திரத்தை அவள் மேஜையில் வைத்தார். பாதைக்கு வடக்கே இருந்த அந்த ரிசார்ட், தெற்குப் பக்கத்து நிலத்தையும் வாங்குகிறது. ஜெபா வழக்கம்போல நிலத்தின் பழைய தாய்ப் பத்திரத்தையும் ரிசார்ட்காரர்கள் கொடுத்திருந்த புதுப் பத்திர நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். தாய்ப் பத்திரத்தில் நிலத்தின் வடக்கு எல்லை ‘வண்டிப்பாதைக்குத் தெற்கு’ என்றிருந்தது. நகலில் அதே இடத்தில் ‘கிரயம் பெறுபவரின் மனைக்குத் தெற்கு’ என்றிருந்தது. ஒரே ஒரு சொல்தான் காணாமல் போயிருந்தது. இரண்டு பக்கத்து நிலமும் ஒருவர் பேருக்கு வந்து, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை என்று பத்திரமும் பதிவாகிவிட்டால், பத்து வருஷம் கழித்து அங்கே ஒரு பாதை இருந்தது என்று சொல்பவர்தான் பைத்தியம்.

அவள் எழுந்து தாமோதரனிடம் போனாள்.

“சார், தாய்ப் பத்திரத்துல வண்டிப்பாதை கீது. இவங்க குடுத்த நகல்ல அத்தக் காணோம்.”

அவர் நிமிரவில்லை. “பார்ட்டி குடுத்தத அப்படியே அடிம்மா. எல்லையப் பாக்கறது நம்ம வேலையா?”

“பாதைய அழிக்கறதும் நம்ம வேல இல்ல சார். நான் இத்த அடிக்க மாட்டேன்.”

இருபது வருஷத்தில் அவள் ஒரு வேலையை மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல, பயந்த சுபாவம். காகிதங்கள் மறுநாள் எதிர்வரிசையில் வேறொரு பத்திர எழுத்தரிடம் போய்ச் சேர்ந்தன. அவளை வேலையை விட்டு நிறுத்துவார் என்று ஆபீசில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை. அவளைப்போலப் பிழையில்லாமல் அடிக்க வேறு ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தான் பத்திரம் அடிக்கும் கம்ப்யூட்டரிலேயே அரசாங்கத்தின் நில அளவைப் படத்தைத் தேடி எடுத்தாள். அதில் ரோட்டிலிருந்து கடல்வரை ஒரு பாதை தெளிவாக வரைந்திருந்தது. படத்தைப் பிரிண்ட் எடுத்து, தண்ணீர் பட்டாலும் கெடாதபடி லேமினேட் செய்துகொண்டாள். அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். உட்காரச் சொல்லி ஒரு போலீஸ்காரம்மா நாற்காலி போட்டார். வரிசை நகரும்போது தானும் நகர வேண்டும் என்று சொல்லி ஜெபா நின்றே இருந்தாள். நில அளவை செய்து மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதில் வந்தது. அப்புறம் இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை.

பங்குனி பௌர்ணமி வந்தது. அன்று காலை ஜெபா லீவு சொல்லிவிட்டு, கேலிப்பரின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். இன்றைக்கு உரல் பாறைக்குப் போகிறோம் என்றாள். ஸ்டான்லி பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். கேட்டைத் திறக்க மாட்டார்கள், திறந்தாலும் பாறை வழுக்கும், விழுந்து கிழுந்து வைத்தால் என்ன செய்வது என்றான்.

“வுழுந்தா வுழறேன். வுழறது இன்னா எனக்குப் புதுசா?”

கவியா உள்ளேயிருந்து வந்து, “கூட்டினு போய்யா. நான் வூட்டப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகு ஸ்டான்லியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேட்டில் அவர்கள் போய் நின்றபோது மணி ஒன்று ஐம்பது. காவலுக்கு நின்ற சின்னையன் பக்கத்துக் குப்பத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். அவருக்கு ஜெபாவைத் தெரியாது. ஆனால் பாறைக்கு என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது. தன் வீட்டுப் பெண்களே சுற்றித்தான் போகிறார்கள், இங்கே விட்டால் வேலை போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் வேலைக்குப் பங்கம் வராது, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றாள் ஜெபா.

மேனேஜர் பிரவின்குமார் வந்தார். சின்ன வயசு, நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. இது தனியார் இடம், தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார். ஜெபா ஆட்டோவிலிருந்து இறங்கி, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, படத்தைக் காட்டினாள். நீங்கள் நிற்பது பாதை, உங்கள் கேட் நிற்பது பாதை, இந்தத் தென்னை வரிசை முடிகிற இடம்வரை பாதை என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். காலைப் பார்த்ததும் குரல் இளகிவிட்டது.

“மேடம், உங்களுக்காக ஸ்பெஷலா பண்றேன். பேட்டரி கார்லயே பீச் வரைக்கும் கொண்டு விடறோம். ரெண்டு ஆளுங்க தூக்கிப்பாங்க. இந்த விசிட்டர் நோட்டுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்ருங்க.”

சின்னையன் நோட்டை நீட்டினார். ஸ்டான்லிக்கு மூச்சு வந்தது. ஜெபா பேனாவை வாங்கினாள். இருபது வருஷமாக எந்தக் காகிதத்தையும் படிக்காமல் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. நோட்டின் தலைப்புகளைப் படித்தாள்: பெயர், ஊர், நேரம், அனுமதி அளித்தவர். பேனாவை மூடி நோட்டின் மேலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“போட மாட்டேன் சார்.”

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம்.”

“நீங்க அனுமதி குடுத்து நான் வந்தேன்னு இதுல எழுதியாச்சுன்னா, நாளைக்கு கோர்ட்டுல இந்த நோட்டத்தான் காட்டுவீங்க. பாதைன்னு ஒண்ணு கெடையாது, பாவம் பாத்து நாங்கதான் வுட்டோம்னு சொல்லுவீங்க. நான் உங்க வூட்டுக்கு வரல சார். ரோட்டுல போறேன்.”

பிரவின்குமார் தர்மசங்கடமாகச் சிரித்தார். கையெழுத்து இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். முடியாது என்றால் நான் இங்கேயே நிற்கிறேன் என்று ஜெபா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஸ்டான்லி குனிந்து அவள் காதருகே வந்தான்.

“அக்கா, டைம் போய்கினு கீது. மூணு மணிக்கு மேல தண்ணி ஏற ஆரம்பிச்சுடும். ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போலாம்.”

அதுதான் அன்றைக்கு அவளுக்குக் கஷ்டமாக இருந்த நேரம். முப்பது வருஷமாகப் பார்க்க நினைத்தது முந்நூறு அடி தூரத்தில் வெளியே வந்து கிடக்கிறது. தென்னைகளுக்கு நடுவே அதன் கறுப்பு முனை அவளுக்குத் தெரிந்தது. ஒரு கிறுக்கல் போட்டால் போதும். அவள் கையை மடியில் கோத்துக்கொண்டாள். ஆட்டோவை நிறுத்திச் சாவியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்டான்லி கொடுத்தான்.

பத்து நிமிஷம் கழிந்தது. பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது, தங்க வந்தவர்கள். ஆட்டோவைக் கொஞ்சம் பின்னால் எடுங்கள் என்று பிரவின்குமார் கேட்டார். பாதையில் நிற்கிறோம், முன்னால் போக வழி விட்டால் போகிறோம் என்று ஜெபா சொன்னாள். இன்னொரு கார் வந்தது. காரிலிருந்து ஒருவர் இறங்கி என்ன பிரச்சினை என்று கேட்டார். ஜெபா அவருக்கும் படத்தைக் காட்ட ஆரம்பித்தாள். போலீஸைக் கூப்பிட வேண்டி வரும் என்றார் பிரவின்குமார்.

“கூப்புடுங்க சார். வரட்டும். அவங்களுக்கும் ஒரு நகல் எடுத்துனு வந்துகிறேன்.”

அவர் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். ஆமாம் சார், இல்லை சார், கெஸ்ட்டெல்லாம் பார்க்கிறார்கள் சார் என்பது மட்டும் கேட்டது. மூன்றாவது கார் ரோட்டோரமாக வந்து நின்றபோது அவர் திரும்பி, சின்னையனைப் பார்த்துக் கையை அசைத்தார். சின்னையன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டை அகலமாகத் திறந்தார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான் மேடம் என்றார் பிரவின்குமார். அதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று ஜெபா கேட்டாள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

மணி இரண்டே கால். பாதை முடிந்த இடத்தில் ஆட்டோ நின்றது. அங்கிருந்து மணல். ஊன்றுகோல் ஒவ்வோர் அடிக்கும் அரை முழம் புதைந்தது. ஸ்டான்லி தூக்கட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றாள். பாறை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து, கேலிப்பரைக் கழற்றி, உப்புத் தண்ணீர் படாமல் உலர்ந்த மணலில் ஸ்டான்லியின் சட்டைமேல் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, வலது காலால் உந்தி, உட்கார்ந்தபடியே பாறைமேல் ஏறினாள்.

பாறைமேல் பாசி பச்சையாக மின்னியது. நடந்து வந்தவர்களெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டான்லியே இரண்டு தடவை விழுந்தான். கையும் இடுப்பும் தரையிலேயே இருந்ததால் ஜெபா வழுக்கவில்லை. கிளிஞ்சல்கள் உள்ளங்கையைக் கிழித்தன. உப்புப் பட்டு எரிந்தது. பக்கத்தில், ரிசார்ட்டில் தங்க வந்த வெளியூர்க்காரப் பெண்மணி ஒருவர் விழுந்து, எழ முடியாமல், ஜெபாவைப் பார்த்துக் கண் கலங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நிக்காதீங்கம்மா. ஒக்காந்துனே வாங்க. இதுதான் வழி” என்றாள் ஜெபா. அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே செய்தார்.

பெரிய குழி ஒன்றின் விளிம்புக்கு அவள் வந்து சேர்ந்தாள். அதற்குள் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. விரல் நீள மீன்கள் நிழல்மாதிரி ஓடின. சுவர் வழவழவென்று, ஆட்டி ஆட்டித் தேய்ந்த ஆட்டுக்கல்போல இருந்தது. அவள் தோள்வரை கையை விட்டாள். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. உருண்டையான ஒரு கல், கைக்கு அடங்காத பெரிசு. புரட்டினாள், அது குழிக்குள் உருண்டு கடகடவென்று சத்தம் போட்டது. அடுத்த குழியிலும் ஒரு கல் இருந்தது. அதற்கடுத்ததிலும். அலை வந்து சுழலும்போதெல்லாம் இந்தக் கல்தான் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்திருக்கிறது. முப்பது வருஷமாக இந்தப் பாறையைப் பற்றி எத்தனையோ பேர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே கல் இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உரக்கவே சிரித்தாள்.

தண்ணீர் ஏறத் தொடங்கிக் கால் நனையும்வரை அங்கேயே இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ரிசார்ட்டின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அத்துமீறி நுழைந்ததாகவும், தொழிலுக்கு இடையூறு செய்ததாகவும், பதினைந்து நாளில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. ஸ்டான்லி பயந்துபோனான். ஜெபா மன்னிப்பை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். சொத்து விவரத்தை யாரோ ரிசார்ட்டின் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்: ‘வண்டிப்பாதைக்கு வடக்கு’. எந்தப் பாதை இல்லவே இல்லை என்றார்களோ அதை அவர்களே எழுதிக் கையெழுத்தும் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தார்கள். நோட்டீஸைத் தாமோதரனிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய், தானே மூன்று நகல் எடுத்து வந்து அவள் மேஜையில் வைத்தார்.

அந்த நகலோடு அடுத்த திங்கட்கிழமை மறுபடி செங்கல்பட்டு. இந்தத் தடவை ஆனி மாதத்துக்குள் சர்வேயர் வந்துவிட்டார். சங்கிலி பிடித்து அளந்து, கேட்டுக்கு உள்ளே பாதையின் இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார். ரிசார்ட் கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பு வரும்வரை பகலில் பாதையை மறிக்கக் கூடாது என்று கோர்ட் சொன்னது.

ஐப்பசியில் ஜெபாவைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். உட்கார நாற்காலி வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். நிற்கிறேன் என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தாதவர். அவள் ஊனத்தின் சதவீதத்தைக் கேட்டு எழுதவைத்தார். பிறகு, இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர் அந்தப் பாதையைப் பயன்படுத்தியதாகச் சொல்வது நம்பும்படி இல்லையே என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க அந்தப் பாதையில எப்படிப் போனீங்க?”

“பாதி ஆட்டோவுல. பாதி நடந்து. மீதி ஒக்காந்துனு போனேன் சார். எப்பிடிப் போறதுன்றது என் இஷ்டம். பாதை கீதா இல்லியான்றதுதானே கேஸு?”

அந்தப் பதிலை அப்படியே பதிவு செய்துகொள்ளும்படி நீதிபதி சொன்னார். தட்டச்சு செய்த பெண் ‘கீதா’ என்பதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தூக்கினாள். “இருக்குதான்னு அடிச்சுக்கோம்மா” என்று ஜெபா கூண்டிலிருந்தே சொன்னாள்.

வழக்கு மாசி மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. கேட் திறந்துதான் கிடக்கிறது.